பாட்டியின் குரலை மறைத்த இரைச்சல்: 10 சென் ரெசிஸ்டர் கற்றுத்தந்த பாடம்

என் பாட்டிக்கு இப்போது 81 வயது. கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே அம்மாவோடு சேர்ந்து மங்கு துடைக்கப் போனவர். பிறகு அதே தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் சீவினார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பெரட்டுக் களமும் லயங்களும் பாட்டியின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

அந்த நினைவுகளை ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பாலிடெக்னிக்கில் மின்னணுப் பொறியியல் படிக்கச் சேர்ந்த பிறகுதான் வந்தது. கைப்பேசியிலேயே பதிவு செய்திருக்கலாம். ஆனால், பாட்டியின் குரல் மிகவும் மெல்லியது. பக்கத்து அறையில் மின்விசிறி ஓடினாலே அவர் பேசுவது கேட்காது. நண்பரிடம் இரவல் வாங்கிய நல்ல மைக் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் சிக்னலைப் பெருக்க ஓர் ஆம்ப்ளிஃபையரை நானே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். படிப்புக்கும் பயன்படும், பாட்டிக்கும் பயன்படும் என்று நினைத்தேன்.

பழைய குறிப்புகளில் கிடைத்த ஒரு சர்க்கிட்டைப் பார்த்து ஒரு வார இறுதியில் செய்து முடித்தேன். டி.எல். 072 என்ற ஐசி, எட்டு ரெசிஸ்டர்கள், சில மின்தேக்கிகள், இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தேன். மறுநாளே பாட்டி வீட்டுக்குக் கிளம்பினேன்.

அன்று பாட்டி ஒன்றரை மணி நேரம் பேசினார். விடியற்காலை பெரட்டு, உளி தீட்டுவது, காண்டா வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, நான் கேட்காமலே தம் தங்கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோன தங்கை. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. அதைச் சொல்லும்போது பாட்டியின் குரல் இறங்கி இறங்கிக் கிசுகிசுப்பாகிவிட்டது. என் காதில் இருந்த ஹெட்ஃபோனில் பேட்டரி வீணாகக்கூடாது என்பதற்காக அதை அணைத்து வைத்திருந்தேன். அதனால் அப்போது எனக்கு எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. பதிவு முழுக்க ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். பாட்டி சத்தமாகப் பேசிய இடங்கள் பரவாயில்லை. தங்கையைப் பற்றிச் சொன்ன ஏழெட்டு நிமிடங்களில் பாதிச் சொற்கள் அந்த இரைச்சலுக்குள் போய்விட்டன. கணினியில் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். இரைச்சலோடு சேர்ந்து சொற்களும் தேய்ந்துபோயின.

அடுத்த வாரம் பாட்டிக்கே போட்டுக் காட்டினேன். “தகரக் கூரைமேல மழ பேயிற மாரி இருக்கேய்யா” என்றார். தங்கையைப் பற்றி மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். தலையை ஆட்டினார். “அதெல்லாம் ஒரு தடவதான் சொல்ல வரும்” என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

96 ரிங்கிட் வீணான கதை

இரைச்சலுக்குக் காரணம் மலிவான ரெசிஸ்டர்கள்தான் என்று நான் முடிவு கட்டினேன். ‘இரைச்சல் குறைந்தவை, ஒலிக்கருவிகளுக்கென்றே செய்யப்பட்டவை’ என்ற விளம்பரத்தோடு விற்கும் ரெசிஸ்டர்களைத் தேடிப் பிடித்தேன். ஒன்று 12 ரிங்கிட். எட்டுக்கு 96 ரிங்கிட். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம். பழையவற்றைக் கழற்றிவிட்டு, புதியவற்றைப் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன்.

அதே மழை. துளியும் குறையவில்லை.

மறுநாள் என் விரிவுரையாளரிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ரெசிஸ்டர்களின் பிராண்டைப் பார்க்கவே இல்லை. சர்க்கிட் படத்தைக் கேட்டார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இதில் ஒவ்வொரு ரெசிஸ்டரும் எவ்வளவு இரைச்சல் தரும் என்று கணக்குப் போட்டாயா?” நான் போடவில்லை. அப்படி ஒரு கணக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

உப்புத் தண்ணீரும் இரையும்

அந்தக் கணக்குக்கு ஏறக்குறைய நூறு வயது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் ஜான்சன், ரெசிஸ்டர் எதுவாக இருந்தாலும் அதன் இரு முனைகளுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்தம் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று அளந்து காட்டினார். ஹாரி நைக்விஸ்ட், அது ஏன் நடக்கிறது என்பதைக் கணிதமாக விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. இருவருமே சுவீடனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் என்பது கூடுதல் செய்தி.

காரணம் எளிது. பொருளின் வெப்பம் என்பது அதில் உள்ள துகள்களின் அசைவு. ரெசிஸ்டருக்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் வெப்பத்தால் அங்கும் இங்கும் அலைகின்றன. ஒரு கணம் இந்த முனையில் சற்று அதிகம், மறு கணம் அந்த முனையில் சற்று அதிகம். இந்தத் தடுமாற்றம்தான் பெருக்கிக் கேட்கும்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்கிறது. இதற்கு வெப்ப இரைச்சல் என்று பெயர்.

ஜான்சன் உலோகக் கம்பி, கார்பன் இழை, உப்புக் கரைசல் என்று பலவற்றைச் சோதித்தார். மின்தடை ஒன்றாக இருந்தால், பொருள் எதுவானாலும் வெப்ப இரைச்சலும் ஒன்றாகவே இருந்தது. அதாவது, 12 ரிங்கிட் ரெசிஸ்டரும், 10 சென் ரெசிஸ்டரும், ஒரு குவளை உப்புத் தண்ணீரும் ஒரே ஓம் அளவில் இருந்தால் ஒரே அளவு இரையும். இதைப் படித்தபோது என் 96 ரிங்கிட் கண் முன்னே வந்து போனது.

இந்த இரைச்சலை நிர்ணயிப்பவை மூன்று: மின்தடையின் அளவு, வெப்பநிலை, நாம் கேட்கும் அதிர்வெண்களின் அகலம். நம் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதால் அகலத்தில் கைவைக்க முடியாது. வெப்பநிலையைக் குறைக்கலாமா என்றால், அறை வெப்பமான 27 பாகை செல்சியசிலிருந்து 0 பாகைக்குக் குளிர்வித்தாலும் இரைச்சல் 5 விழுக்காடுதான் குறையும். பாதியாகக் குறைக்க மைனஸ் 198 பாகை வரை போக வேண்டும். பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துப் பயனில்லை. ஆக, நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: மின்தடையின் அளவு.

மனத்தில் வைத்துக்கொள்ள ஓர் எளிய அளவு இருக்கிறது. அறை வெப்பத்தில், நம் காது கேட்கும் எல்லைக்குள், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஏறக்குறைய 0.57 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். மின்தடை 100 மடங்கானால் இரைச்சல் 10 மடங்காகும். எனவே, 100 கிலோ ஓம் என்றால் 5.7 மைக்ரோவோல்ட். 10 ஓம் என்றால் 0.057 மைக்ரோவோல்ட்.

என் சர்க்கிட்டில் எங்கே தவறு?

இந்த அளவுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே இரவில் குட்டு வெளிப்பட்டது.

என் பழைய சர்க்கிட்டில் மைக்கிலிருந்து வரும் சிக்னல், ஐசிக்குள் நுழையும் முன்பே ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கடந்து வந்தது. அது மட்டுமே 5.7 மைக்ரோவோல்ட். ஐசியின் சொந்த இரைச்சல் சுமார் 2.8. மற்ற ரெசிஸ்டர்களில் பெரியதன் பங்கு 1.8. மீதமுள்ளவை எல்லாம் மிகச் சிறியவை.

இவற்றை நேராகக் கூட்டக்கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, பிறகு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 3உம் 4உம் சேர்ந்தால் 7 ஆகாது, 5தான் ஆகும். அப்படிக் கூட்டினால் மொத்தம் சுமார் 6.6 மைக்ரோவோல்ட் வந்தது. இதிலிருந்து ஒன்று புரிந்தது. எது மிகப் பெரியதோ அதுவே கிட்டத்தட்ட முழுக் கணக்கையும் எழுதிவிடுகிறது. ஐசியின் இரைச்சலை முற்றாக நீக்கியிருந்தால்கூட மொத்தம் 6க்குத்தான் இறங்கியிருக்கும். அந்த ஒற்றை 100 கிலோ ஓம் இருக்கும்வரை வேறு எதை மாற்றினாலும் பலன் இல்லை.

பாட்டி சாதாரணமாகப் பேசும்போது மைக் தருவது ஏறக்குறைய 200 மைக்ரோவோல்ட் என்று கணித்தேன். அவர் குரல் கிசுகிசுப்பாக இறங்கும்போது அது 20 ஆகிவிடலாம். 20க்கு எதிரே 6.6 இரைச்சல். மழையில் சொற்கள் மூழ்கிப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரிசெய்த விதம்

புதிய சர்க்கிட்டில் மைக்கை நேராக ஐசியின் நேர்முனை உள்ளீட்டில் இணைத்தேன். பெருக்கத்தின் அளவை இரண்டு ரெசிஸ்டர்கள் நிர்ணயிக்கின்றன: ஒன்று 10 கிலோ ஓம், மற்றது 100 ஓம். இரைச்சலைப் பொறுத்தவரை இவை இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதுபோலத்தான் ஐசி உணரும். அப்படிப் பார்த்தால் வெறும் 99 ஓம். பெருக்கமோ 101 மடங்கு. ஐசியையும் மாற்றி, இரைச்சல் குறைந்த என்.இ. 5532ஐப் போட்டேன்.

எல்லா ரெசிஸ்டரையும் 1 ஓம் ஆக்கிவிட்டால் இரைச்சலே இருக்காதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவ்வளவு சிறிய மின்தடைக்குத் தேவையான மின்னோட்டத்தை ஐசியால் தர முடியாது. அதோடு, மைக்கின் சுருளுக்கே 200 ஓம் அளவு மின்தடை உண்டு. அதுவே கால் மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தரும். அதற்கும் மிகக் கீழே போய் ஒரு நன்மையும் இல்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். பெரிய மின்தடை எங்கே இருந்தாலும் ஆபத்து என்று பயப்படத் தேவையில்லை. உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையே 10 கிலோ ஓம் ஒன்று போட்டிருக்கிறேன். மைக்கின் 200 ஓம் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதன் இரைச்சல் மைக் வழியாகவே வடிந்துவிடுகிறது. அதுபோல, 100 மடங்கு பெருகிய பிறகு வரும் ரெசிஸ்டர்களின் இரைச்சல் ஒரு பொருட்டே அல்ல. சிக்னல் மிகச் சிறியதாக இருக்கும் முதல் கட்டத்தில், சிக்னலின் பாதையிலேயே நிற்கும் ரெசிஸ்டர்களைத்தான் கண்காணிக்க வேண்டும்.

கணக்குப்படி புதிய பெட்டியின் மொத்த இரைச்சல், மைக்கையும் சேர்த்து, சுமார் 0.77 மைக்ரோவோல்ட். பழையதில் எட்டில் ஒரு பங்கைவிடக் குறைவு.

அப்படியானால் எந்த வகையை வாங்குவது?

வகை முக்கியமே இல்லையா என்றால், முக்கியம்தான். ரெசிஸ்டரின் குறுக்கே நேர்மின்னழுத்தம் நிலையாக இருக்கும் இடங்களில், வெப்ப இரைச்சலுக்கு மேல் இன்னோர் இரைச்சலும் சேரும். இதற்குக் கூடுதல் இரைச்சல் என்று பெயர். இது பொருளைப் பொறுத்தது. கார்பன் துகள்களை அழுத்திச் செய்த பழைய வகையில் மிக அதிகம். கார்பன் படல வகையில் அதைவிடக் குறைவு. உலோகப் படல வகையில் மிகக் குறைவு. கம்பி சுற்றிய வகையில் ஏறக்குறைய இல்லை எனலாம்.

தயாரிப்பாளரின் தகவல் தாளில் இது ‘ஒரு வோல்ட்டுக்கு இத்தனை மைக்ரோவோல்ட்’ என்று இருக்கும். உதாரணமாக, 1 மைக்ரோவோல்ட் என்று குறிப்பிட்ட ஒரு ரெசிஸ்டரில் 5 வோல்ட் நின்றால், காது கேட்கும் எல்லைக்குள் 8.7 மைக்ரோவோல்ட் கூடுதல் இரைச்சல் வரும். 0.05 என்று குறிப்பிட்ட ரெசிஸ்டரில் அதே இடத்தில் 0.43தான் வரும். டிரான்சிஸ்டர் சர்க்கிட்டிலும், சிறிய எலெக்ட்ரெட் மைக்குக்கு மின்சாரம் தரும் ரெசிஸ்டரிலும் இது பெரிய வேறுபாடு. தாத்தாவின் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கார்பன் ரெசிஸ்டர் ஒன்றை எலெக்ட்ரெட் மைக்கில் போட்டுப் பார்த்தேன். அடித்தொண்டையில் யாரோ உறுமுவதுபோல இருந்தது. கூடுதல் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் அதிகம்.

என் முதல் பெட்டியில் ரெசிஸ்டர்களின் குறுக்கே நேர்மின்னழுத்தம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால்தான் வகையை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. விலையுயர்ந்த ரெசிஸ்டர் ஏமாற்றவில்லை. தீர்க்க வேண்டிய இடத்தை நான்தான் பார்க்கவில்லை.

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். வயதான சீன அங்கிள் ஒருவர் இருந்தார். உலோகப் படல ரெசிஸ்டர், 1 விழுக்காடு துல்லியம், கால் வாட் என்று கேட்டேன். நீல நிற உடலில் ஐந்து வண்ணக் கோடுகள் கொண்டவை. ஒன்று 10 சென். எட்டு வாங்கினேன். 80 சென். “இவ்வளவுதானா?” என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், வாங்கக் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மைக்கைக் கழற்றிவிட்டு, உள்ளீட்டின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணையுங்கள். இரைச்சல் நின்றால் அது வெளியிலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் உள்ளேயே இருக்கிறது. அடுத்து, ஒலி அளவைக் குறையுங்கள். இரைச்சலும் குறைந்தால் குற்றவாளி அந்தக் குமிழுக்கு முன்னால் இருக்கிறது. ‘ஊம்ம்’ என்று கேட்டால் அது ரெசிஸ்டரின் வேலை அல்ல, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். அதற்கு மருந்து உலோகப் பெட்டியும் பேட்டரியும். இதைச் செய்ய ஒரு சென்கூடச் செலவாகாது. நான் செய்திருந்தால் 96 ரிங்கிட் மிஞ்சியிருக்கும்.

மறுபடியும் பாட்டி வீட்டில்

புதிய பெட்டியோடு மறுபடி போனேன். இந்த முறை ஹெட்ஃபோனை அணைத்து வைக்கவில்லை. மழை நின்றிருந்தது. முழுவதும் அல்ல. கூர்ந்து கேட்டால் தூரத்தில் ஒரு தூறல். அது மைக் சுருளிலும் ஐசியிலும் எஞ்சியிருப்பது. வெப்பம் இருக்கும்வரை அது முழுதாகப் போகாது.

பாட்டி பேசினார். தீபாவளிக்கு முதல் நாள் லயத்தில் எல்லா வீட்டிலும் முறுக்கு சுட்டது, திருவிழாவில் திரை கட்டிப் படம் காட்டியது, தாத்தாவை முதலில் பால் ஸ்டோரில் பார்த்தது. தங்கையைப் பற்றி நான் கேட்கவில்லை.

நான்காவது வாரம், தேநீர் ஆற்றிக்கொண்டே அவராகச் சொன்னார். முன்பு சொன்ன கதையை அல்ல. ஒரே ஒரு வரி. தங்கைக்குச் சிவப்பு ரிப்பன் என்றால் உயிர் என்றும், அதைக் கட்டித்தான் அனுப்பி வைத்தோம் என்றும். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. ஹெட்ஃபோனில் ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. தேநீரில் கரண்டி தட்டிய ஓசையும்கூடக் கேட்டது.

முதல் பதிவில் மூழ்கிப்போன ஏழெட்டு நிமிடங்கள் இனித் திரும்பி வரப்போவதில்லை. முதல் கட்டத்தில் சிக்னலோடு கலந்த இரைச்சலைப் பிறகு யாராலும் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. முன்கூட்டியே அரை மணி நேரம் கணக்குப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது.

எஸ்.பி.எம். இயற்பியலில் ஓம் விதியும் வெப்பமும் படிக்கும் தம்பி தங்கையரே, இவை தேர்வுத் தாளோடு முடிந்துபோகும் பாடங்கள் அல்ல. உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். பெட்டி தயாராகும்வரை காத்திருக்காதீர்கள். கையில் கைப்பேசி இருந்தால் அதையே அவர்கள் அருகில் வைத்து இன்றே ஆரம்பியுங்கள். பெட்டி செய்வதாக இருந்தால் மட்டும், கடைக்குப் போகும் முன் கணக்கைப் போட்டுவிடுங்கள்.